பின்னாளில் நோபல் வென்றவரைப் பதவி இறக்கிய பல்கலைக்கழகம்: லாப நோக்கற்ற அமெரிக்க மருத்துவ மையங்களில் ஆராய்ச்சி எப்படி நடக்கிறது?

2023 அக்டோபர் 2-ம் தேதி மருத்துவத்துக்கான நோபல் பரிசு காட்டலின் கரிகோ, ட்ரூ வெய்ஸ்மேன் இருவருக்கும் அறிவிக்கப்பட்டது. கொரோனா காலத்தில் ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகள் அவ்வளவு சீக்கிரம் வந்ததற்கு அடித்தளம் போட்ட ஆராய்ச்சி இவர்களுடையது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இருவரையும் தங்கள் விஞ்ஞானிகள் என்று கொண்டாடியது. உடனே சமூக வலைதளங்களில் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: இதே பல்கலைக்கழகம்தானே 1995-ல் கரிகோவைப் பதவி இறக்கியது?

ஆமாம், இதே பல்கலைக்கழகம்தான். ஹங்கேரியில் இருந்து 1985-ல் அமெரிக்கா வந்த கரிகோ, 1989-ல் பென்சில்வேனியா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். எம்.ஆர்.என்.ஏ.வை மருந்தாகப் பயன்படுத்தலாம் என்பது அவருடைய பிடிவாதமான நம்பிக்கை. ஆராய்ச்சி நிதி கேட்டு அவர் போட்ட விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிராகரிக்கப்பட்டன. 1995-ல் பல்கலைக்கழகம் சொன்னது இவ்வளவுதான்: வெளியே போகலாம், இல்லை என்றால் குறைந்த பதவியில், குறைந்த சம்பளத்தில் தொடரலாம். அவர் தொடர்ந்தார்.

"மேலதிகாரிகளுக்குத் திறமையை அடையாளம் காணத் தெரியவில்லை" என்று இந்தக் கதையை முடித்துவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த மேலதிகாரிகள் தங்கள் நிறுவனத்தின் விதிகளை மீறவில்லை, விதிப்படிதான் நடந்தார்கள். அந்த விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன?

லாப நோக்கற்றது என்றால் லாபமே கிடையாதா?

மருத்துவக் கல்லூரி, பெரிய மருத்துவமனை, ஆராய்ச்சிக்கூடம் மூன்றும் ஒன்றாக இயங்கும் அமைப்புகளை அமெரிக்காவில் கல்விசார் மருத்துவ மையங்கள் என்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஹார்வர்டோடு இணைந்த மாசசூசெட்ஸ் ஜெனரல், மேயோ கிளினிக், பென்சில்வேனியா எல்லாம் இந்த வகைதான். சில மாநில அரசுகளுக்குச் சொந்தமானவை. புகழ்பெற்ற பல மையங்கள் லாப நோக்கற்ற தனியார் அமைப்புகள்.

லாப நோக்கற்றது என்றால் அங்கே பணம் மிஞ்சாது என்று அர்த்தம் இல்லை. மிஞ்சும் பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் பங்குதாரர் என்று யாருமே கிடையாது. வருமான வரி விலக்கு உண்டு. மிஞ்சியதை அதே அமைப்புக்குள் செலவழிக்க வேண்டும். கட்டிடம் கட்டலாம், கருவி வாங்கலாம், தலைமை அதிகாரிக்கு லட்சக்கணக்கான டாலர் சம்பளமும் தரலாம். 'மிச்சம் இல்லை என்றால் சேவையும் இல்லை' என்பது அமெரிக்க மருத்துவமனை நிர்வாகிகள் அடிக்கடி சொல்லும் வாசகம். அதை முதலில் சொன்னவராகக் குறிப்பிடப்படுபவர் ஒரு கன்னியாஸ்திரி.

முதலாளி இல்லாத இடத்தில் எதற்காகப் போட்டி போடுவார்கள்? பெயருக்காக. பெயரை எப்படி அளப்பது? அரசிடம் இருந்து எவ்வளவு ஆராய்ச்சி நிதி வாங்கினார்கள் என்பது எளிதான அளவுகோல். எந்த மருத்துவக் கல்லூரி எவ்வளவு வாங்கியது என்ற பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் வெளியாகிறது. யு.எஸ். நியூஸ் வெளியிடும் தரவரிசையிலும் பல ஆண்டுகள் இந்தத் தொகை ஓர் அளவுகோலாக இருந்தது. துறைத் தலைவர் முதல் டீன் வரை எல்லோருக்கும் அந்தப் பட்டியலில் ஒரு கண்.

நோயாளியிடம் காசு பார்க்காமல் இருக்கத்தான் ஆரம்பித்தார்கள்

இந்த அமைப்பின் தொடக்கத்தைப் பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். 1910-ல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர், அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை நேரில் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். பல கல்லூரிகளைக் கிழித்துத் தொங்கவிட்ட அறிக்கை அது. அவருடைய முன்மாதிரி ஜான்ஸ் ஹாப்கின்ஸ். அதற்கு அடுத்து, ராக்ஃபெல்லர் பணத்தோடு 1913-ல் ஹாப்கின்ஸில் ஒரு ஏற்பாடு வந்தது. மருத்துவப் பேராசிரியர்கள் முழுநேர ஊழியர்களாகச் சம்பளம் வாங்குவார்கள், தனியாக நோயாளிகளிடம் ஃபீஸ் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவர் காசு பின்னால் ஓடாமல் பாடமும் ஆராய்ச்சியும் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். ஹாப்கின்ஸின் புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லரே இதை எதிர்த்தார். நோயாளிகளை விட்டு விலகி லேபுக்குள்ளேயே இருக்கும் ஒரு கூட்டம் உருவாகும் என்பது அவர் கவலை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசுப் பணம் ஆராய்ச்சிக்குள் பெருகியது. தேசிய சுகாதார நிறுவனம், சுருக்கமாக என்.ஐ.எச்., இன்று உலகிலேயே மருத்துவ ஆராய்ச்சிக்கு அதிகம் செலவிடும் அரசு அமைப்பு. சமீப ஆண்டுகளில் அதன் பட்ஜெட் சுமார் 4,700 கோடி டாலர். அதில் 80 சதவீதத்துக்கு மேல் பல்கலைக்கழகங்கள் உள்ளிட்ட வெளி அமைப்புகளுக்குப் போகிறது. 1965-ல் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு வந்த பிறகு மருத்துவமனை வருமானமும் எகிறியது. இன்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் வருமானத்தில் பாதிக்கு மேல் நோயாளிகளுக்குச் செய்யும் சிகிச்சையில் இருந்துதான் வருகிறது.

சம்பளத்தை யார் தருகிறார்கள்?

கரிகோ கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பேராசிரியர் என்றால் பல்கலைக்கழகம் சம்பளம் தரும் என்றுதான் நாம் நினைப்போம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் ஆராய்ச்சி செய்பவர்களில் பலருக்கு அப்படி இல்லை. தங்கள் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தாங்கள் வாங்கும் கிராண்டில் இருந்தே அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை 'சாஃப்ட் மணி' என்பார்கள். பல்கலைக்கழகம் தன் கையில் இருந்து உறுதியாகத் தருவது 'ஹார்டு மணி'. என்.ஐ.எச். கிராண்டில் இருந்து ஒருவருக்கு எடுக்கக்கூடிய ஆண்டுச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2025-ல் அது 2,25,700 டாலர்.

கிராண்ட் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகளுக்குத்தான். முடிந்ததும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. கிடைக்கவில்லை என்றால் தன் சம்பளம் மட்டும் அல்ல, லேபில் வேலை பார்ப்பவர்களின் சம்பளமும் நிற்கும்.

இப்படி ஒரு நிலையில் இருப்பவர் எந்த மாதிரி ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுப்பார்? விண்ணப்பத்தைப் படிக்கும் நிபுணர் குழு, "இது நடக்கும் என்பதற்கு முதல்கட்ட ஆதாரம் எங்கே?" என்று கேட்கும். ஆக, பாதி வேலை ஏற்கெனவே முடிந்த ஆராய்ச்சிக்கு நிதி கிடைப்பது எளிது. எம்.ஆர்.என்.ஏ. அப்போது அப்படிப்பட்ட துறை அல்ல. சட்டென்று சிதைந்துவிடும் மூலக்கூறு அது, உடலுக்குள் செலுத்தினால் அழற்சியையும் உண்டாக்கியது. 90-களில் பென்சில்வேனியாவில் ஜீன் தெரபிதான் பெரிய பெயர். எம்.ஆர்.என்.ஏ.வைக் கட்டிக்கொண்டு அழும் ஒருவர், நிர்வாகக் கணக்கில் வெறும் செலவுத் தலைப்பு.

1997 வாக்கில் கரிகோவும் வெய்ஸ்மேனும் சந்தித்தது ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் என்பது இப்போது பிரபலமான தகவல். அதைவிட முக்கியமானது, வெய்ஸ்மேனிடம் லேபும் நிதியும் இருந்தன என்பது. எம்.ஆர்.என்.ஏ.வில் உள்ள யூரிடினை லேசாக மாற்றினால் அழற்சி அடங்குகிறது என்று இருவரும் 2005-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பிற்காலத்தில் நோபல் கிடைத்தது அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2013-ல் கரிகோ ஜெர்மனியின் பயோஎன்டெக் நிறுவனத்துக்குப் போனார்.

கண்டுபிடித்தவருக்கு இடமில்லை, காப்புரிமைக்கு இடமுண்டு

1980-ல் அமெரிக்கா கொண்டுவந்த பே-டோல் சட்டம் இந்தக் கதையில் முக்கியமான திருப்பம். அரசு நிதியில் நடந்த ஆராய்ச்சியாக இருந்தாலும் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொண்டு தனியாருக்கு உரிமம் கொடுக்கலாம் என்றது அந்தச் சட்டம். வரும் பணத்தில் கண்டுபிடித்தவருக்கும் ஒரு பங்கு உண்டு.

அதன்படி கரிகோ-வெய்ஸ்மேன் கண்டுபிடிப்பின் காப்புரிமை பென்சில்வேனியாவின் கையில் இருந்தது. 2010-ல் சுமார் 3 லட்சம் டாலருக்கு, செல்ஸ்க்ரிப்ட் நிறுவனத்தோடு தொடர்புடைய ஒரு சிறிய கம்பெனிக்கு உரிமம் போனதாகச் செய்திகள் சொல்கின்றன. மாடர்னாவும் பயோஎன்டெக்கும் பின்னர் செல்ஸ்க்ரிப்டிடம் தலா 7.5 கோடி டாலர் கொடுத்து துணை உரிமம் வாங்கின. பிறகு கொரோனா வந்தது, தடுப்பூசி விற்பனை மலைபோல் குவிந்தது. ராயல்டி குறைவாகத் தரப்பட்டதாகப் பென்சில்வேனியா வழக்குப் போட, 2024 டிசம்பரில் பயோஎன்டெக் சமரசத்துக்கு வந்தது. பல்கலைக்கழகத்துக்கு 46.7 கோடி டாலர் வரை, என்.ஐ.எச்.-க்குத் தனியாக 79.15 கோடி டாலர்.

ஒரே கண்டுபிடிப்பு. 1995-ல் அதற்காக உழைத்தவரின் சம்பளம் நிறுவனத்துக்குச் சுமை, 30 ஆண்டு கழித்து அதே நிறுவனத்தின் மிகப்பெரிய வரவுகளில் ஒன்று. நிறுவனம் ஏமாற்றியது என்று இதைச் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு பட்ஜெட்டைப் பார்க்கும் கணக்கில் 30 ஆண்டுக்கு அப்பால் வரப்போவதற்கு இடமே இல்லை, அவ்வளவுதான்.

ஜெஸ்ஸி கெல்சிங்கர்: உயிர் போன சோதனை

நிதி கிடைக்காதது ஒரு வகைச் சிக்கல் என்றால், நிதி தாராளமாகக் கிடைப்பது இன்னொரு வகை. அதுவும் இதே பல்கலைக்கழகத்தில்தான் நடந்தது.

அரிசோனாவைச் சேர்ந்த 18 வயது இளைஞர் ஜெஸ்ஸி கெல்சிங்கர். உடலில் அமோனியா சேரும் ஒரு பரம்பரைக் கல்லீரல் குறைபாடு அவருக்கு இருந்தது. அவருக்கு வந்தது மிதமான வகை, உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைகளுமாகச் சமாளித்து வந்தார். இதே நோயின் கடுமையான வகையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு உதவும் என்று நம்பி, ஜீன் தெரபி சோதனையில் தன்னார்வலராகச் சேர்ந்தார். அந்தச் சோதனையால் அவருக்கு நேரடிப் பலன் எதுவும் கிடையாது. 1999 செப்டம்பர் 13 அன்று, மரபணுவைச் சுமந்த வைரஸ் அவர் உடலில் செலுத்தப்பட்டது. 17-ம் தேதி இறந்துவிட்டார்.

விசாரணையில் பல விஷயங்கள் வெளியே வந்தன. அமோனியா அளவு வரம்பைத் தாண்டியிருந்தும் அவர் சேர்க்கப்பட்டிருந்தார். முந்தைய தன்னார்வலர்களுக்கு ஏற்பட்ட பக்கவிளைவுகள் உரிய முறையில் தெரிவிக்கப்படவில்லை. இதே போன்ற சிகிச்சையில் குரங்குகள் இறந்த தகவல் ஒப்புதல் படிவத்தில் இல்லை. ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் ஜேம்ஸ் வில்சன் தொடங்கிய ஜெனோவோ என்ற கம்பெனி, அந்த மையத்துக்கு நிதி கொடுத்து வந்தது. கம்பெனியில் வில்சனுக்குப் பங்கு இருந்தது. பல்கலைக்கழகத்துக்கும் பங்கு இருந்தது.

பணம் முடிவுகளைப் பாதிக்கவில்லை என்றே அவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. 2005-ல் அரசோடு செய்த சமரசத்தில் பல்கலைக்கழகம் 5 லட்சம் டாலருக்குச் சற்று அதிகமாகக் கட்டியது. தவறை ஒப்புக்கொள்ளவில்லை.

அதன் பிறகு விதிகள் இறுகின. 2011-ல் வந்த திருத்தத்தின்படி, ஒரு கம்பெனியோடு 5,000 டாலருக்கு மேல் பணத் தொடர்பு இருந்தால் ஆராய்ச்சியாளர் அதைத் தன் நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு 10,000 டாலர். ஆனால் அந்த விதியில் ஓர் ஓட்டை அப்படியே இருக்கிறது. அது தனிநபருக்கான விதி. பல்கலைக்கழகமே பங்கு வைத்திருந்தால்? அதை அந்த விதி தொடவே இல்லை. சோதனையை மேற்பார்வை பார்ப்பதும் பல்கலைக்கழகம் அமைத்த குழு, லாபம் வந்தால் பங்கு போவதும் பல்கலைக்கழகத்துக்கு.

இத்தனைக்கும் கம்பெனியோடு கைகோப்பதே தப்பு என்று சொல்லவும் முடியாது. இதே பென்சில்வேனியாவில் கார்ல் ஜூன் குழு, நோயாளியின் சொந்த ரத்த அணுக்களை மாற்றியமைத்துப் புற்றுநோயை அழிக்கும் கார்-டி சிகிச்சையை உருவாக்கியது. 2011-ல் வெளியான முதல் முடிவுகள் மூன்றே நோயாளிகளை வைத்துத்தான். 2012-ல் நோவார்ட்டிஸ் கம்பெனி ஒப்பந்தம் போட்டது, 2017 ஆகஸ்டில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பெரிய கம்பெனியின் பணம் இல்லாமல் அந்த வேகம் சாத்தியமாகியிருக்காது. மருந்து வெளியானபோது விலை 4,75,000 டாலர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓவர்ஹெட்: கப்பல் வரை போன கணக்கு

2025-ல் அமெரிக்காவில் பெரிய சண்டையாக வெடித்த விஷயம் இது. ஓர் ஆராய்ச்சிக்கு என்.ஐ.எச். 100 டாலர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரசாயனம், எலி, ஆள் சம்பளம் போன்ற நேரடிச் செலவுகள் அதில் அடங்கும். ஆனால் லேபுக்குக் கரண்ட் வேண்டும், கட்டிடம் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும், பாதுகாப்புக் குழு வேண்டும். இதற்காக அரசு தனியாக ஒரு சதவீதம் சேர்த்துத் தரும். அதுதான் ஓவர்ஹெட். விகிதம் 60 சதவீதம் என்றால் 100 டாலரோடு இன்னும் 60 டாலர் பல்கலைக்கழகத்துக்குப் போகும். சில செலவுகள் இந்தக் கணக்கில் சேராது என்பதால் நடைமுறையில் தொகை கொஞ்சம் குறையும். ஒவ்வொரு நிறுவனமும் அரசோடு பேசித் தன் விகிதத்தை முடிவு செய்துகொள்ளும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அளக்கத் தவறி மாட்டிக்கொண்டது. 1990, 91-ல் நடந்த விசாரணையில், 'விக்டோரியா' என்ற சொகுசுப் படகின் தேய்மானச் செலவும், பல்கலைக்கழகத் தலைவர் வீட்டுப் பூ அலங்காரமும் ஆராய்ச்சி ஓவர்ஹெட் கணக்கில் எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. தலைவர் டொனால்டு கென்னடி பதவி விலகினார். ஸ்டான்ஃபோர்டின் விகிதம் 74 சதவீதத்தில் இருந்து 55.5 ஆகக் குறைக்கப்பட்டது. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் நிர்வாகச் செலவுப் பகுதிக்கு மட்டும் 26 சதவீத உச்சவரம்பு போடப்பட்டது. கட்டிடங்களுக்கு அப்படி வரம்பு வைக்கவில்லை.

வரம்பு இல்லாத பக்கம் பணம் ஓடுவது இயல்புதானே! 1998 முதல் 2003 வரை என்.ஐ.எச். பட்ஜெட் சுமார் 1,360 கோடி டாலரில் இருந்து 2,700 கோடியாக இரட்டிப்பானது. மருத்துவக் கல்லூரிகள் புதிய ஆராய்ச்சிக் கட்டிடங்களை எழுப்பின, கிராண்ட் கொண்டுவருவார்கள் என்று நம்பி சாஃப்ட் மணியில் ஆட்களை எடுத்தன. 2003-க்குப் பிறகு பட்ஜெட் ஏறக்குறைய அப்படியே நின்றது. விண்ணப்பங்கள் மட்டும் குவிந்துகொண்டே போயின. முன்பு மூன்றில் ஒருவருக்குக் கிடைத்த நிதி ஐந்தில் ஒருவருக்கு என்று சுருங்கியது. முதல் பெரிய கிராண்ட் வாங்கும்போது ஒரு விஞ்ஞானிக்கு வயது 40-ஐத் தாண்டிவிடுகிறது. என்.ஐ.எச். முன்னாள் இயக்குநர் ஹெரால்டு வார்மஸ் உட்பட நான்கு மூத்த விஞ்ஞானிகள் 2014-ல் ஒரு கட்டுரையில், இந்த அமைப்பு தாங்க முடியாத வளர்ச்சியை நம்பிக் கட்டப்பட்டது என்று எச்சரித்தார்கள்.

அப்போ ஆராய்ச்சியால் மருத்துவமனைக்கு லாபமா, நஷ்டமா?

ஓவர்ஹெட்டைச் சேர்த்துப் பார்த்தாலும் நஷ்டம்தான் என்கிறார்கள் மருத்துவக் கல்லூரிகள். அவற்றின் சங்கம் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வெளியில் இருந்து வரும் ஒவ்வொரு டாலர் ஆராய்ச்சி நிதிக்கும் கல்லூரி தன் கையில் இருந்து 53 சென்ட் போடுகிறது. சொந்தக் கணக்கைச் சொந்தச் சங்கமே போட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் திசை சரிதான், அந்த 53 சென்டில் பெரும்பகுதி மருத்துவமனை வருமானத்தில் இருந்து வருகிறது.

அதனால் மருத்துவமனை இருமினால் ஆராய்ச்சிக்குக் காய்ச்சல் வரும். 1997-ல் மெடிகேர் கட்டணங்கள் வெட்டப்பட்டன. அடுத்த இரண்டே ஆண்டில் பென்சில்வேனியா மருத்துவமனைக் குழுமம், ஒரே நிதியாண்டில் சுமார் 20 கோடி டாலர் நஷ்டம் காட்டியது.

மருத்துவராகவும் ஆராய்ச்சியாளராகவும் இருப்பவருக்கு இது தினசரிப் பிரச்னை. அமெரிக்காவில் மருத்துவரின் உழைப்பை ஆர்.வி.யு. என்ற புள்ளிகளால் அளக்கிறார்கள். எத்தனை நோயாளி, எத்தனை சிகிச்சை என்பதைப் பொறுத்து புள்ளி ஏறும். லேபில் கழித்த மத்தியான நேரத்துக்குப் புள்ளி இல்லை. மேயோ கிளினிக்கில் மருத்துவர்களுக்கு நிலையான சம்பளம், பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து அது மாறாது. பெரிய மையங்களில் இது குறிப்பிடத்தக்க விதிவிலக்கு. ஹோவர்டு ஹியூஸ் மருத்துவ நிறுவனம் இன்னொரு வழியை வைத்திருக்கிறது. குறிப்பிட்ட திட்டத்துக்கு நிதி தருவதில்லை, விஞ்ஞானியைத் தேர்ந்தெடுத்து ஏழு ஆண்டுகளுக்குப் பணம் கொடுத்து, எதை ஆராய்வது என்பதை அவரிடமே விடுகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதில் இடம் கிடைப்பவர்கள் சில நூறு பேர்.

பலன் தெரிந்தும் ஆராயப்படாமல் கிடக்கும் விஷயங்களும் உண்டு. காப்புரிமை காலாவதியான பழைய மாத்திரை ஒன்று வேறொரு நோய்க்கும் உதவுமா என்று பெரிய சோதனை நடத்த கம்பெனிக்கு ஆர்வம் இருக்காது, வென்றாலும் விற்க எதுவும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கும் அதில் ராயல்டி கிடையாது. அரசு நிதி மட்டும்தான் வழி, அங்கேயோ ஐந்தில் ஒருவர் வரிசை.

15 சதவீதச் சண்டை

2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. ஓவர்ஹெட் விகிதம் இனி எல்லோருக்கும் 15 சதவீதம்தான், திங்கட்கிழமை முதல் அமல் என்று என்.ஐ.எச். அறிவித்தது. 2023-ல் கொடுத்த 3,500 கோடி டாலரில் சுமார் 900 கோடி ஓவர்ஹெட்டுக்கே போனதாகக் கணக்குக் காட்டியது. ஹார்வர்டு 69 சதவீதம், யேல் 67.5, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 63.7 என்று பெயர் சொல்லியே பட்டியல் போட்டது. தனியார் அறக்கட்டளைகள் 10, 15 சதவீதம்தானே தருகின்றன என்பது அரசின் வாதம். அவை பல செலவுகளை நேரடிச் செலவாகவே எழுத விடுகின்றன, இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது என்றன பல்கலைக்கழகங்கள். ஆண்டுக்கு 24 கோடி டாலர் இழப்பு வரும் என்றது பென்சில்வேனியா.

22 மாநிலங்களும் மருத்துவக் கல்லூரிகளும் நீதிமன்றம் போயின. பாஸ்டன் கூட்டாட்சி நீதிபதி ஏஞ்சல் கெல்லி முதலில் இடைக்காலத் தடையும், ஏப்ரலில் நிரந்தரத் தடையும் விதித்தார். ஓவர்ஹெட் விகிதங்களை என்.ஐ.எச். இப்படித் தன்னிச்சையாக மாற்றக் கூடாது என்று நாடாளுமன்றம் பல ஆண்டுகளாகப் பட்ஜெட் சட்டத்திலேயே நிபந்தனை வைத்திருந்தது, அரசுக்கு அதுவே முட்டுக்கட்டை ஆனது.

தடை வந்தாலும் பயம் போகவில்லை. அந்த வசந்த காலத்தில் பல மருத்துவ மையங்கள் புதிய ஆள் எடுப்பதை நிறுத்தின. பென்சில்வேனியா உட்பட சில பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட மாணவர் சேர்க்கையைக் குறைத்தன. கட்டி முடித்த கட்டிடத்தின் கடனை நிறுத்த முடியாது, நிரந்தரப் பேராசிரியரை எளிதில் அனுப்ப முடியாது. வெட்டு முதலில் விழுந்தது இன்னும் கிராண்ட் எதுவும் வாங்காத இளையவர்கள் மேல்தான்.